பிரெசில்லா கேபிள் மாற்றியது

தங்கச்சிமடத்தில் அந்தோணியார் குருசடித் தெருவுக்குள் நுழைந்து பிரெசில்லா வீடு எது என்று கேட்டால், நெட்டு சரியில்லை என்று எந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறதோ அந்த வீடுதான் என்று சொல்லி அனுப்புவார்கள். கேபிளையும் நெட்டையும் வேறு கம்பெனிக்கு மாற்றியே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் நெட்டுதான் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. அவள் பெற்ற மகள் ஜெப்சிகூட அப்படித்தான் நினைத்தாள்.

நெட்டு மோசம்தான், அதில் பொய்யில்லை. ஜெப்சி ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கிறாள். போனில் பாடத்தைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்றும். அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆனால் இதற்கெல்லாம் ஒரு பொம்பளைக்கு வயிறு எரியுமா? பிரெசில்லாவுக்கு எரிந்தது வேறு விஷயம். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாமல் முழுங்கிவிட்டு வந்தாள்.

அந்தக் கேபிளை நடத்துகிறவள் லூர்து மேரி. பிரெசில்லாவின் புருஷன் பிரடெரிக்குக்குச் சொந்தத் தாய்மாமன் மகள்.

வெறும் பேருக்கு முறைப்பெண் என்று நினைத்துவிடாதீர்கள். பிரடெரிக்குக்கே கட்டிவைப்பதாக இரண்டு வீட்டிலும் வாய் நிறையச் சொல்லி வைத்திருந்த பெண். கடைசி நேரத்தில் லூர்து மேரியின் அய்யா, கடலுக்குப் போகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது என்று சொல்லி, கேபிள் டிவி வைத்திருந்த சவேரியாருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் பிரடெரிக் வீட்டார் மூக்கையூர் வரைக்கும் போய்ப் பிரெசில்லாவைப் பெண் கேட்டார்கள். தாலி ஏறும்வரை இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. ஏறின மறு வாரமே தெருவில் நாலு பேர் வந்து சொல்லிவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். இந்த மாதிரி சங்கதிகளை எல்லோரும் நல்லெண்ணத்தில்தானே சொல்கிறார்கள்.

அதோடு போயிருந்தால் பிரெசில்லாவும் மறந்திருப்பாள். யார் வீட்டில் நடக்காதது? ஆனால் சவேரியார் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். லூர்து மேரி மூலையில் உட்காரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபிளைத் தன் கையில் எடுத்தாள். லைன் வேலைக்குக் காளிதாஸ் என்று ஓர் ஆளை வைத்துக்கொண்டு, சந்தா வாங்க வீடு வீடாக அவளே வந்தாள். பிரெசில்லாவின் வாசலிலும் மாதாமாதம் வந்து நின்றாள். மச்சான் இல்லையா என்பதுதான் அவளுடைய முதல் வார்த்தை. முறைப்படி அப்படித்தான் கூப்பிட வேண்டும், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிரெசில்லாவும் முறைப்படி அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

இதையும் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாமல் போனது கம்பு விஷயம்.

அந்தோணியார் திருவிழா ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற தறுவாயில் வரும். ஆண்கள் அத்தனை பேரும் கரையில் இருப்பார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் புனிதரின் சப்பரம் தெருத்தெருவாகப் போகும். தெருக்களோ ஒடுக்கம். வீட்டுக்கு வீடு குறுக்கும் நெடுக்குமாக கேபிள் வயர் தொங்கும். சீரியல் பல்பு கட்டின சப்பரம் யாருக்கும் குனியாது. அதனால் கேபிள்காரரும் இன்னோர் ஆளும்தான் கவை வைத்த மூங்கில் கம்போடு முன்னால் போய், ஆளுக்கொரு பக்கமாக வயரைத் தூக்கிப் பிடித்து வழிவிட வேண்டும். சவேரியார் காலத்திலிருந்து அது அவர்கள் வீட்டுப் பொறுப்பு. அவர் போன பிறகு லூர்து மேரி தானே கம்பைத் தூக்கினாள். காளிதாஸ் முக்குக்கு முக்கு முன்னால் ஓடிக் கரண்டு வயர்களைக் கவனிக்கப் போய்விடுவான். பாவம் தனியாகச் சிரமப்படுகிறாளே என்று, மறுபக்கக் கம்பைப் பிரடெரிக் வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து வருஷா வருஷம், பேண்டு வாத்தியம் முழங்க, வெடி வெடிக்க, பின்னால் அத்தனை விளக்கும் எரிய, சப்பரத்துக்கு முன்னால் வலப்பக்கம் இவன், இடப்பக்கம் அவள். இவன் வெள்ளைச் சட்டை, அவள் பட்டுச் சேலை. கோயிலில் தாலி கட்டிவிட்டு வெளியே வருகிற மாப்பிள்ளை பொண்ணு தோற்றுப் போகும் போங்கள்.

சரி, வருஷத்துக்கு ஒரு சாயங்காலம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் கேபிள் வருகிறது. லூர்து மேரியின் லோக்கல் சேனல் அந்தப் பவனியை நேரலையாகக் காட்டும். பிறகு மறு ஒளிபரப்பு. பிறகு வெளியூரிலிருந்து தாமதமாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை. அடுத்த வருஷம் திருவிழாவுக்கு முந்தின நவநாள் ஜெபம் தொடங்கியதும், சனங்களுக்குத் திருவிழா நினைப்பு வரவேண்டும் என்று போன வருஷப் பவனி. தன் வீட்டில், தான் தவணை கட்டி வாங்கின டிவியில், தன் புருஷனும் அவனுடைய முறைப்பெண்ணும் ஜோடி போட்டு நடந்துகொண்டே இருப்பதைப் பிரெசில்லா சோறு வடிக்கும்போதும் பார்த்தாள், மீன் கழுவும்போதும் பார்த்தாள். ரிமோட்டை அமுக்கினால் அடுத்த சேனல் வந்துவிடும். அமுக்க மாட்டாள். இவன் அந்தப் பக்கம் திரும்புகிறானா, அவள் சிரிக்கிறாளா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். காமிரா மிகச் சரியாக அந்த நேரம் பார்த்துச் சப்பரத்தின் பக்கம் திரும்பிவிடும். அதற்கும் அவள்தான் சொல்லி வைத்திருப்பாள் என்று பிரெசில்லா உள்ளுக்குள் கருவிக்கொள்வாள்.

ஆக, கேபிள் போனால் சேனல் போகும். கேபிளே வீட்டில் இல்லையென்றால் லூர்து மேரிக்கு இந்த வாசலில் என்ன வேலை, பிரடெரிக்குக்கு அந்தக் கம்பில் என்ன வேலை? அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் அதற்கு வழி பிறந்தது. புதிதாக ஒரு ஃபைபர் கம்பெனி தீவுக்குள் லைன் இழுத்துக்கொண்டு வந்தது. உச்சிப்புளியிலிருந்து ராம்குமார் என்கிற பையன் பைக்கில் வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினான். வேகம் இவ்வளவு, சேனல் இவ்வளவு, சினிமா இவ்வளவு என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். ஜெப்சி வேகத்தைப் பற்றி விசாரித்தாள். பிரெசில்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், எங்கள் ஊர் லோக்கல் சேனல் இதில் வருமா என்று. பையன் தலையைச் சொறிந்தான். அது மட்டும் வராது அக்கா என்று இழுத்தான். வராததைச் சொன்னதற்கு இப்படி முகம் மலர்ந்த வாடிக்கையாளரை அவன் அதற்கு முன் கண்டிருக்க மாட்டான்.

பிரடெரிக் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். விசைப்படகில் டிரைவர் வேலை. தடைக்காலத்தில் நாளெல்லாம் வீட்டில்தான். பிரெசில்லா போய் முன்னால் நின்று, கம்பெனி மாற்றப் போவதாகச் சொன்னாள். சண்டைக்கு வருவான் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். அவன் வலையிலிருந்து தலையைத் தூக்காமல் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டான். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே வாயைத் திறந்தான்.

"திருவிழா முடியட்டும் பிரெசி. அதுக்கப்புறம் மாத்திக்குவோம்."

போச்சு. எந்தச் சொல் வந்துவிடக் கூடாது என்று காத்திருந்தாளோ அதே சொல். "நெட்டுக்கும் திருவிழாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள்.

இப்போது புது வயர் இழுத்தால் என்று அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருவிழாவில் அவளோடு நடந்து முடித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டுமாம், பார்த்தாயா என்று அவள் மனசுக்குள் ஒரே கொதிப்பு. அன்றைக்கே ராம்குமாருக்குப் போன் போட்டாள்.

நவநாள் நடந்துகொண்டிருந்தபோதே ஆட்கள் வந்து லைனை இழுத்தார்கள். எதிர்ச்சாரிக் கம்பத்திலிருந்து தெருவுக்குக் குறுக்கே கொண்டுவந்து, இவள் வீட்டுச் சுவரில் ஜன்னலுக்கு மேல் ஓர் ஆணியில் மாட்டினார்கள். வயர் நடுவில் தொய்ந்து கிடந்தது. திருவிழாக் கூட்டம் குறையட்டும், ஏணி கொண்டுவந்து மேலே ஏற்றிக் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிரெசில்லா வயரை அண்ணாந்து பார்க்கவே இல்லை. லூர்து மேரியின் பழைய பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் போடுவதில் மும்முரமாக இருந்தாள். ஜெப்சியின் போனில் பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. டிவியில் ஆயிரம் சேனல் வந்தது, அந்த ஒன்றைத் தவிர. அன்று ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் லூர்து மேரி வந்தாள். பிரெசில்லா இடுப்பில் கைவைத்து நின்றாள். என்னென்ன கேட்பாள், அதற்கு என்னென்ன திருப்பிக் கொடுக்கலாம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். லூர்து மேரி குறுக்கே கிடந்த புது வயரை ஒருதரம் பார்த்தாள். நல்லது தங்கச்சி, பிள்ளை படிக்கட்டும் என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. திரும்பிப் போகிறவள் நின்று, நாளைக்குச் சாயங்காலம் மச்சானை வெள்ளென வரச் சொல்லு, இந்த வருஷம் சப்பரத்துப் பல்பு வளைவு கொஞ்சம் உயரம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரெசில்லாவுக்குக் காதில் புகை வராத குறை. கேபிளை வெட்டியாயிற்று, சேனலை வெட்டியாயிற்று, இவள் இன்னமும் மச்சானை வரச் சொல்கிறாள். நான் யார் இந்த வீட்டில்? சேதி சொல்லி அனுப்புகிற ஆளா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் வெயில் சாய்ந்ததும் பிரடெரிக் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையை மாட்டினான். பிரெசில்லா நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போகாதீக."

"பிறகு கம்பை யாரு பிடிக்கிறது?"

யாரும் பிடிக்கட்டும், நம்ம இப்ப அவுக லைன்ல இல்ல என்று அவள் சொல்வதாக இருந்தது. இதற்கு மேல் நாலைந்து கடுஞ்சொல்லும் கைவசம் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "நீங்க வீட்ல இருங்க. எனக்காக இருங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. பிரடெரிக் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.

இத்தனை வருஷப் போராட்டம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிரெசில்லா அதை எப்படிக் கொண்டாடுவது என்று தெரியாமல், சப்பரத்துக்குத் தூவ உப்பையும் மிளகையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் பேண்டு சத்தம் தெருமுனையைத் திரும்பியது. முன்னால் லூர்து மேரி ஒரு கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். இடப்பக்கத்து வயரைத் தூக்கிவிட்டு வலப்பக்கத்துக்கு ஓடினாள், மறுபடியும் இடப்பக்கம் ஓடினாள். பட்டுச் சேலை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பிரெசில்லாவின் வீட்டுக்கு நேராக வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டாவது கம்பை இவர்கள் சுவரில் சாய்த்து வைத்தாள். யாருக்கு வைத்தாள் என்று கேட்க வேண்டுமா? பிரெசில்லாவுக்கு அப்படியே கம்பைத் தூக்கித் தெருவில் எறியலாமா என்று இருந்தது.

அதற்குள் சப்பரம் நின்றுவிட்டது.

புது வயர் பல்பு வளைவில் நன்றாக மாட்டிக்கொண்டது. சுமந்துவந்தவர்கள் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் வளைவே சரிந்திருக்கும். பேண்டு நின்றது. பின்னால் வந்த கூட்டம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. யார் வீட்டு வயர் என்று ஒருவர் சத்தம் போட்டார். வெட்டிப் போடு என்று இன்னொருவர் சொன்னார். அத்தனை கண்ணும் பிரெசில்லாவின் பக்கம் திரும்பியது. அந்தோணியாரே அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

லூர்து மேரிதான் குறுக்கே விழுந்தாள். வெட்டக் கூடாது, பிள்ளை படிக்கிற லைன், தூக்கிவிடலாம் என்றாள். தன் பக்கத்தில் கம்பைக் கொடுத்து நெம்பினாள். ஒரு பக்கம் உயர்ந்தது, மறுபக்கம் இன்னும் இறங்கியது. மறுபக்கம் ஓர் ஆள் வேண்டும். அவள் இவர்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள்.

இப்போது உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தால் பிரடெரிக் வந்துவிடுவான். வந்து, தன் வீட்டு வாசலிலேயே, காமிராவுக்கு நேராக, அவளுக்கு எதிரே நிற்பான். சாமி நிற்கிறதே என்றுகூட அந்த நேரத்தில் பிரெசில்லாவுக்குத் தோன்றவில்லை. அவன் வரக் கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது. கிண்ணத்தைப் படியில் வைத்தாள். சேலையைச் செருகினாள். சுவரில் சாய்ந்திருந்த கம்பைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

இரண்டு பேரும் ஒன்றாக நெம்பியதும் வயர் வளைவை விட்டு மேலே போனது. சப்பரம் அடியில் நகர்ந்தது. அதோடு கம்பை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அடுத்த வீட்டுக்கு ஒரு வயர், அதற்கடுத்த வீட்டுக்கு இரண்டு. விட முடியவில்லை. பிரடெரிக்கின் இடத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கழுத்து விண்விண் என்று தெறித்தது. அண்ணாந்த முகத்தைக் கீழே இறக்க வழியே இல்லை. ஒரு நொடி கவனம் தப்பினால் கவையிலிருந்து வயர் நழுவிவிடும். பேண்டு சத்தத்தில் பேச்சும் கேட்காது. எதிர்ப்பக்கம் இருப்பவளின் முகம் என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் வயரும் இருட்டும்தான். இதையா நான் இத்தனை வருஷம் டிவியில் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தெருக்கோடியில் காளிதாஸ் வந்து கம்பை வாங்கிக்கொண்டான். பெரிய ரோட்டில் வயர் உயரம், இனிப் பயமில்லை. லூர்து மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மச்சானுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தெம்பில்லை பிரெசில்லாவுக்கு. "நான்தான் போகக் கூடாதுன்னு சொன்னேன்" என்றாள்.

"சொன்னதும் இருந்துட்டாகளா?"

"ம்."

லூர்து மேரி சப்பரம் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படப் போகிறாள் என்று பிரெசில்லா எதிர்பார்த்தாள்.

"எங்க வீட்டு மனுசர் உசுரோட இருந்தவரைக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொன்னேன்னு வீட்ல இருந்ததில்ல" என்றாள் லூர்து மேரி. "காய்ச்சல்ல கெடந்து கூப்பிட்டிருக்கேன். கேபிளு, கேபிளுன்னு ஓடுவாரு. ஒன்னயப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு தங்கச்சி. இன்னைக்கு இல்ல. நீ மூக்கையூர்லேருந்து வந்து எறங்கின நாள்லேருந்தே."

இந்தச் சொல்லை இவள் வாயால் கேட்கப் பிரெசில்லா எத்தனை ஆசைப்பட்டிருப்பாள்! கேட்டபோது துளிக்கூட சந்தோஷம் இல்லை. நெட்டு மட்டும் புது லைனில் ஓடட்டும், டிவிக்குப் பழைய லைனே இருக்கட்டும், பெட்டியை நாளைக்கே எடுத்து மாட்டிவிடுகிறேன் அக்கா என்றாள். அக்கா என்ற சொல்லை அன்று பல்லைக் கடிக்காமல் சொன்னாள். லூர்து மேரி தலையை ஆட்டிவிட்டு, சப்பரத்தைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

வீட்டுக்குள் பிரடெரிக் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. நம்ம வாசல் வரைக்கும் அவ ஒத்தையிலதான் வந்தாளா என்று கேட்டான். அவ்வளவுதான், பழைய எரிச்சல் சுள்ளென்று பிரெசில்லாவுக்கு மேலே வந்தது. போகுமா அது ஒரே நாளில்? ஆனால் அவள் வேறொன்றைக் கேட்டாள். போகாதீர்கள் என்றதும் மறுபேச்சில்லாமல் எதற்காகச் சரி என்றீர்கள் என்று கேட்டாள்.

பிரடெரிக் உள்ளங்கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருஷமா கேபிளு சரியில்ல, நெட்டு சரியில்ல, சேனலு சரியில்லன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்த" என்றான். "என்னைய இருங்கன்னு இன்னைக்குத்தான பிரெசி கேட்ட."